கடையில் வாங்கிய பேஸ்ட்ரி மாவில் பழக் கொழுக்கட்டை: வெக்கையான ஊருக்கான முழுமையான வழிகாட்டி

மோதகமும் கொழுக்கட்டையும் பிடித்துப் பழகிய கைகளுக்கு, பழத்தை மாவுக்குள் பொதிந்து வேகவைக்கும் இனிப்பு அந்நியமாகத் தோன்றாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜேர்மன் வழிவந்த குடும்பங்கள் முழு ஆப்பிளின் விதைக்கூட்டைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் சீனியும் கறுவாத்தூளும் அடைத்து, மாவால் போர்த்திச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். தயார் மா கடைக்கு வந்த பிறகு அதற்கு ஒரு குறுக்குவழியும் பிறந்தது. ஆப்பிள் துண்டுகளைத் தயார் மாவில் சுருட்டித் தட்டில் அடுக்கி, உருக்கிய பட்டரையும் சீனியையும் மேலே ஊற்றி, எலுமிச்சைச் சுவையுள்ள சோடாவைச் சுற்றிவர விட்டு அவனில் (oven) வைப்பதுதான் அந்த வழி. மேற்பக்கம் மொறுமொறுப்பாகவும் அடிப்பக்கம் பாகில் ஊறி மெதுமெதுவென்றும் வருவதே இந்தப் பண்டத்தின் உயிர்நாடி.

அங்கே உருளை வடிவில் விற்கும் தயார் மாவை எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் கண்டதில்லை. ஆனால், உறையவைத்த பேஸ்ட்ரி ஷீட் மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் உள்ள பெரிய கடைகளில் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு, ஆப்பிளுக்குப் பதிலாக அன்னாசியையோ மாம்பழத்தையோ உள்ளே பொதிந்து, சோடாவுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும் கட்டிச் சர்க்கரையும் (வெல்லம்) சேர்ந்த பாகை விட்டால், எங்கள் நாக்குக்கு இன்னும் நெருக்கமான ஓர் இனிப்பு கிடைக்கும். வேலை எளியதுதான். ஆனால் குளிர் நாட்டில் எழுதப்பட்ட குறிப்பை அப்படியே பின்பற்றினால் எங்கள் குசினியில் அது கெட்டுப்போகும். வெக்கை, பழத்தின் தண்ணீர் ஆகிய இரண்டையும் அடக்கத் தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே சரியாக வரும்.

இதை நான் முதல்முறை செய்தது ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில். மேசையில் விரித்த ஷீட் பத்து நிமிடங்களில் கசிந்து, மேசையோடு ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டி எடுத்து, பச்சை அன்னாசித் துண்டுகளை அப்படியே உள்ளே வைத்து மூடிச் சுட்டேன். அரை மணித்தியாலம் கழித்து அவனைத் திறந்தபோது, தட்டில் மஞ்சள் நிறச் சாறு தேங்கி நிற்க, அதில் மாத் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. வீட்டில் இருந்தவர்கள் அதைப் பாயாசம் என்று சொல்லிக் கரண்டியால் குடித்து முடித்தார்கள்.

மா ஏன் பொங்குகிறது, ஏன் பொங்க மறுக்கிறது

பேஸ்ட்ரி ஷீட் என்பது மெல்லிய மாவும் மெல்லிய கொழுப்பும் மாறி மாறி அடுக்கப்பட்ட ஒரு தாள். சூடான அவனுக்குள் போனதும் மாவில் உள்ள நீர் ஆவியாகி அடுக்குகளை மேலே தூக்குகிறது. இடையில் உள்ள கொழுப்பு அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது. கொழுப்பு அவனுக்குப் போகும் முன்பே உருகி மாவோடு கலந்துவிட்டால் தூக்குவதற்கு அடுக்கே இருக்காது. பட்டர் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸில் உருகிவிடும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் குசினிகள் பகலில் அந்த எல்லையைத் தொட்டுவிடுகின்றன. பேஸ்ட்ரிக்கென்று தயாரிக்கப்படும் மாஜரின் பட்டரைவிடச் சற்றுக் கூடிய வெப்பம் தாங்கும். எனவே பக்கற்றின் பின்புறத்தை வாசித்து, மாஜரின் சேர்த்த ஷீட்டாக இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக வேலை செய்யலாம். பட்டர் ஷீட்டாக இருந்தால் சுவை மேலானது, அவசரமும் அதிகம். சைவம் சாப்பிடுபவர்களும், ஹலால் முத்திரை பார்த்து வாங்குபவர்களும் கொழுப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அதே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போனால் ஷீட்டைக் கடைசியாக எடுக்க வேண்டும். நகரில் வாங்கிக்கொண்டு களுவாஞ்சிகுடிப் பக்கம் பஸ்ஸில் வருபவர்கள் பக்கற்றைப் பத்திரிகைத் தாளில் நான்கைந்து சுற்றுச் சுற்றி, உறைந்த வேறு ஏதாவது பொருளோடு சேர்த்துப் பையில் வைத்தால் ஒரு மணித்தியாலப் பயணத்தைத் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் நேரே பிரீசருக்குள் வைத்துவிட வேண்டும். முழுவதும் இளகிய ஷீட்டைத் திரும்ப உறையவைத்தால் அடுக்குகள் பழைய நிலைக்கு வரமாட்டா. அப்படியான நாளில் அன்றே செய்து முடிப்பதுதான் புத்தி.

தேவையானவை

எட்டுக் கொழுக்கட்டைகளுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரையான ஒரு பக்கற் பேஸ்ட்ரி ஷீட் போதும். உள்ளே வைப்பதற்குத் தோலும் நடுத்தண்டும் நீக்கிய 400 கிராம் அன்னாசி, மூன்று மேசைக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, பாதித் தேசிக்காயின் புளி, இரண்டு மேசைக்கரண்டி நறுக்கிய கஜு, மூன்று மேசைக்கரண்டி ரஸ்க் தூள் ஆகியவை வேண்டும். கஜு மட்டக்களப்புப் பக்கத்திலேயே விளைவதால், சீசனில் வாங்கி வறுத்து வைத்திருப்பவர்கள் தாராளமாகவே போடலாம். பாகுக்கு 100 கிராம் சர்க்கரை அல்லது பனங்கட்டி, 200 மில்லிலீற்றர் கட்டியான தேங்காய் முதற்பால், ஒரு தேக்கரண்டி சோளமா, இரண்டு ஏலக்காய், இன்னொரு சிட்டிகை உப்பு ஆகியவை தேவை. மேலே தடவுவதற்கு இரண்டு மேசைக்கரண்டி பால் எடுத்துக்கொள்ளலாம். முட்டை தடவினால் நிறம் கூடுதலாக வரும், ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பால்தான்.

பழத்தின் தண்ணீரை முதலில் வற்றவைத்தல்

இதை முதல்நாள் இரவே செய்து வைப்பது நல்லது, ஏனென்றால் ஆறாத பழத்தை ஷீட்டில் வைத்தால் அந்தச் சூடு ஒன்றே கொழுப்பை உருக்கப் போதுமானது. அன்னாசியைச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக வெட்டித் தாச்சியில் போட்டு, சீனியும் உப்பும் சேர்த்து நடுத்தரத் தீயில் வைக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடங்களில் சாறு நிறைய வெளியே வந்து, இவ்வளவு தண்ணீரை எப்படி வற்றவைப்பது என்ற மலைப்பு வரும். தீயைச் சற்றுக் கூட்டிக் கிளறிக்கொண்டே இருந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் நுரை பெருகி, சத்தம் மாறி, துண்டுகள் கண்ணாடிபோலாகத் தொடங்கும். அப்போது கரண்டியால் தாச்சியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சாறு ஓடிவந்து கோட்டை உடனே மூடினால் இன்னும் வற்ற வேண்டும். இரண்டு மூன்று விநாடிகள் கோடு திறந்தபடி நின்றால் பதம் சரி. தீயை அணைத்துவிட்டுக் கறுவாத்தூள், தேசிப்புளி, கஜு ஆகியவற்றைக் கலந்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம்.

அன்னாசியைக் காய்ச்சுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமெலின் என்னும் நொதியம் உண்டு. அது மாவின் இழுவையைக் கெடுப்பதோடு, பால், தயிர் ஆகியவற்றோடு சேர்ந்தால் கசப்பையும் கொண்டுவரும். நன்றாகக் காய்ச்சிய அன்னாசியில் அந்தத் தொல்லை இல்லை, ஆகவே கடைசியில் எருமைத் தயிரோடு பரிமாற நினைப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

மாம்பழமானால் கையால் அழுத்தும்போது இலேசாக மட்டுமே கொடுக்கும் பழத்தை எடுத்து, ஒரு மேசைக்கரண்டி சீனியோடு ஐந்தாறு நிமிடங்கள் காய்ச்சினால் போதும். கனிந்து குழைந்த பழம் உள்ளே கூழாகிவிடும். வாழைப்பழத்தைக் காய்ச்சவே வேண்டியதில்லை. கதலியைத் தடித்த வட்டங்களாக வெட்டி, சர்க்கரைத் தூளில் புரட்டி அப்படியே வைக்கலாம். ஆப்பிள்தான் வேண்டும் என்பவர்கள் தோல் சீவி, சிறு துண்டுகளாக்கி, சிறிதளவு பட்டரில் நான்கு நிமிடங்கள் வதக்கிக்கொள்ளுங்கள். பப்பாசியை நான் இரண்டு முறை முயன்று பார்த்துக் கைவிட்டேன். எவ்வளவு வற்றவைத்தாலும் அதற்குள் இன்னும் தண்ணீர் மிச்சமிருக்கிறது, சுவையும் மங்கிப்போகிறது.

பாகு

சர்க்கரையைச் சீவிக் கால் கோப்பைத் தண்ணீரில் கரையவிட்டு, ஒருமுறை கொதித்ததும் வடிகட்ட வேண்டும். கட்டிச் சர்க்கரையில் மண்ணும் தூசும் இருப்பது வழக்கம், வடிகட்டாவிட்டால் முதல் வாயிலேயே பல் நறநறக்கும். ஆறிய பாகில் தேங்காய்ப்பாலையும், அந்தப் பாலிலேயே கரைத்த சோளமாவையும், தட்டிய ஏலக்காயையும், உப்பையும் சேர்த்து, சிறு தீயில் கிளறி இலேசாகக் கெட்டியாகும் வரை வைத்து இறக்கிவிடுங்கள். முதற்பாலைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். சோளமா சேர்ப்பதும் அதற்காகவே, ஏனென்றால் இந்தப் பாகு மீண்டும் அவனுக்குள் போய்ச் சூடு தாங்க வேண்டும்.

மாவைக் கையாளுதல்

காலை ஆறு ஏழு மணிக்குள் இந்த வேலையை முடிப்பது எங்கள் ஊருக்கு ஏற்றது. முதல்நாள் இரவே ஷீட்டைப் பிரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் மடித்தால் முறியாத, தொட்டால் இன்னும் சில்லென்றிருக்கும் பதத்தில் இருக்கும். மறந்துபோனவர்கள் மேசையில் வைத்து, இருபது நிமிடங்களுக்குப் பிறகு அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். நேரத்தை நம்பாமல் விரலை நம்புவதே மேல். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அந்தக் காற்று மாவின் மேற்பரப்பைக் காயவைத்து விளிம்பு ஒட்டாமல் செய்துவிடும்.

மேசையில் கோதுமை மாவை மெல்லத் தூவி, ஷீட்டை விரித்து, மூன்று மில்லிமீற்றர் தடிப்புக்கு உருட்ட வேண்டும். உருட்டுகட்டைக்குப் பதிலாக ஐஸ் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் போத்தல் ஒன்றைப் பயன்படுத்தினால், உருட்ட உருட்ட மா குளிர்ந்துகொண்டே இருக்கும். வெளியே கசியும் ஈரத்தை மட்டும் இடையிடையே துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். பிறகு 12 சென்ரிமீற்றர் சதுரங்களாக, கத்தியை இழுக்காமல் மேலிருந்து அழுத்தி வெட்ட வேண்டும். இழுத்து வெட்டினால் அடுக்குகளின் விளிம்பு நசுங்கி ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கம் பொங்காது. வெட்டிய சதுரங்களில் இரண்டை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தட்டோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள்.

சதுரத்தின் நடுவில் ஒரு தேக்கரண்டி ரஸ்க் தூளைப் பரப்பி, அதன்மேல் ஒன்றரை மேசைக்கரண்டி பழத்தை வையுங்கள். மிச்சமிருக்கும் சாற்றை ரஸ்க் தூள் குடித்துக்கொள்ளும். விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு நான்கு விளிம்புகளிலும் ஒரு கோடுபோல் தடவி, எதிர்முனைகள் இரண்டை மேலே கொண்டுவந்து கிள்ளிப் பிடித்து, பிறகு மற்ற இரண்டையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். இப்போது நான்கு பக்கமும் திறந்த வாய்கள் தெரியும். ஒவ்வொரு வாயையும் கீழிருந்து மேலாக, கொழுக்கட்டையின் விளிம்பைப் பல்லுப் பல்லாகக் கிள்ளுவதுபோல் அழுத்தி மூடிக்கொண்டு வந்து, உச்சியில் மட்டும் ஒரு ஈர்க்கு நுழையும் அளவு துளை விட்டுவிடுங்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே எழும் ஆவி தனக்கு வசதியான ஓர் இடத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். மா கையில் ஒட்ட ஆரம்பித்தால் மேலும் மேலும் மாத் தூவிப் போராடாமல், அப்படியே எடுத்துப் பத்து நிமிடங்கள் குளிரவைத்துவிட்டுத் தொடருங்கள். பொதிந்து முடித்த எட்டையும் அவனுக்குப் போகும் முன் இன்னொரு இருபது நிமிடங்கள் குளிரவைக்க வேண்டும்.

சுடுதல்

அவனை 200 பாகை செல்சியஸுக்குக் குறைந்தது பதினைந்து நிமிடங்கள் முன்பாகவே சூடாக்கியிருக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த மா திடீரென்று கடும் சூட்டைச் சந்திக்கும்போதுதான் ஆவி வேகமாகக் கிளம்பி அடுக்குகளைத் தூக்கும். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள, விளிம்பு உயர்ந்த தட்டில் பட்டர் தடவி, கொழுக்கட்டைகளை ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, மேற்பக்கம் மட்டும் பாலைத் தடவுங்கள். வெட்டிய விளிம்புகளில் பால் வழிந்தால் அவை ஒட்டிக்கொள்ளும்.

முதல் பதினெட்டு முதல் இருபது நிமிடங்கள் வெறுமனே சுட வேண்டும். இந்த இடத்தில்தான் அமெரிக்க முறையிலிருந்து நான் விலகுகிறேன். அங்கே ஈஸ்ட் அல்லது பேக்கிங் பவுடர் சேர்த்த மாவுக்குச் சோடாவைத் தொடக்கத்திலேயே ஊற்றுவார்கள், அது தாங்கும். பேஸ்ட்ரி ஷீட்டுக்கு முதலிலேயே பாகை விட்டால் அடிப்பக்கம் பொங்காமல் களியாகிவிடும். எனவே மேற்பக்கம் பொங்கி, இளம் பொன்னிறம் ஏறிய பிறகு தட்டை வெளியே எடுத்து, பாகில் பாதியைக் கொழுக்கட்டைகளின் இடைவெளிகளில் மட்டும் விடுங்கள். மேலே ஒரு சொட்டும் விழாமல் ஊற்ற, மூக்குள்ள கோப்பை உதவும். வெப்பத்தை 180 பாகைக்குக் குறைத்து இன்னும் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் வைத்தால், ஓரத்தில் பாகு குமிழியிட்டுத் தடித்து, மேற்பக்கம் கறுவாப்பட்டை நிறத்துக்கு வந்துவிடும். சிறிய மேசை அவன்களில் மேற்கம்பி மிக அருகில் இருப்பதால், நிறம் முந்திவிட்டால் ஒரு ஒயில் பேப்பர் துண்டை மேலே போர்த்திவிடலாம். வெளியே எடுத்துப் பத்து நிமிடங்களாவது ஆறவிடுங்கள். உள்ளே இருக்கும் பழச்சாறு கொதிக்கும் பாகுக்குச் சமம், அவசரப்பட்டவர்களின் நாக்கு இரண்டு நாளைக்கு எதையும் சுவைக்காது.

சுடும் நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். பாதிக்கு மேல் சுட்டிருந்தால் உள்ளிருக்கும் சூடே பெரும்பாலும் வேலையை முடித்துவிடும்.

அவன் இல்லாத வீடுகளில்

அடி தடித்த பெரிய தாச்சியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, இறுக்கமாக மூடிப் பதினைந்து நிமிடங்கள் சூடாக்கினால் அதுவே அவன்தான். தட்டை வளையத்தின்மேல் வைத்து நாற்பது நாற்பத்தைந்து நிமிடங்கள் சுடலாம். மேற்பக்கம் மட்டும் வெளிறிப்போயிருக்கும். முந்திய தலைமுறை கேக் சுடும்போது மூடியின்மேலும் சிரட்டைத் தணல் போட்டதன் நியாயம் இப்போது புரியும். விறகடுப்பு இருப்பவர்கள் அதையே செய்யலாம்.

இன்னும் எளிய வழி, பக்கத்துப் பேக்கரியில் பணிஸுக்குக் குழைத்த மாவில் அரைக் கிலோ கேட்டு வாங்கி ஆவியில் அவிப்பது. ஆஸ்திரியாவிலும் ஜேர்மனியின் பவேரியாவிலும் பிளம்ஸ் ஜாம் வைத்த ஈஸ்ட் மாக் கொழுக்கட்டையை இப்படித்தான் அவித்துச் சாப்பிடுகிறார்கள். எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளைத் தட்டையாக்கி, பழத்தை வைத்து உருட்டி மூடி, மூட்டு கீழே வரும்படி வாழையிலைத் துண்டுகளில் வைத்து இருபது நிமிடங்கள் பொங்கவிடுங்கள். எங்கள் வெக்கையில் அதற்குமேல் விட்டால் புளித்த வாடை ஏறிவிடும், அதனால் மாவை வாங்கியதும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டி, ஆவி நீர் சொட்டாதபடி செய்து, பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடங்கள் அவிக்கலாம். நடுவில் மூடியைத் திறந்து பார்த்தால் உருண்டைகள் சுருங்கிப்போகும். மொறுமொறுப்பு இதில் கிடையாது, ஆனால் பாகைக் குடிக்கும் விதத்தில் பேஸ்ட்ரியைவிட இதுவே ஒரு படி மேல் என்பது என் எண்ணம். கொத்துக் கடையில் எண்ணெய் தடவி வைத்திருக்கும் ரொட்டி மாவையும் முயன்று பார்த்தேன். மடித்துக் கல்லில் போட்டால் நன்றாகவே வேகிறது, ஆனால் அதன் உப்பும் எண்ணெயும் பழத்தோடு ஒட்டவில்லை.

பரிமாறுதலும் மிச்சமும்

எடுத்து வைத்த மறுபாதிப் பாகை இளஞ்சூடாக்கி, ஒவ்வொரு கோப்பையிலும் முதலில் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, அதன் நடுவில் கொழுக்கட்டையை வைக்க வேண்டும். பக்கத்தில் சட்டித் தயிரின் மேல் ஏட்டோடு ஒரு கரண்டி வைத்தால் சர்க்கரையின் இனிப்பை அது அழகாக இழுத்துப் பிடிக்கும். நோன்பு துறக்கும் வேளைக்குச் செய்பவர்கள் பொதிந்து குளிரவைக்கும் படிவரை காலையிலேயே முடித்து வைத்துவிட்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு சுடலாம்.

சுடாத கொழுக்கட்டைகளை அதே நாளில் தனித்தனியாக உறையவைத்து வைத்திருந்தால், இளகவிடாமல் நேரே அவனில் வைத்து ஐந்து நிமிடங்கள் கூடுதலாகச் சுட்டால் போதும். ஏற்கெனவே இளகிய ஷீட்டைப் பற்றி மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். இங்கே மா சில்லென்ற பதத்தைத் தாண்டவே இல்லை என்பதுதான் வேறுபாடு. சுட்டு மிஞ்சியதைத் தேங்காய்ப்பால் காரணமாக இரவு வெளியே வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் பாகை வழித்தெடுத்துவிட்டு, கொழுக்கட்டையை மட்டும் 170 பாகையில் எட்டு நிமிடங்கள் சூடாக்கினால் மேற்பக்கத்து மொறுமொறுப்பில் பெரும்பகுதி திரும்பி வரும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்போல் இழுபடும்.